மிடறு

நல்லேப்பிள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாயக்கடை நடத்திவந்த ஒரு பெரியவர், ஒருநாள் விடியற்காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது தலைசுற்றிச் சுவரில் சாய்ந்தார். கை கால் விளங்காமல் போகவில்லை. வாய் கோணவில்லை. சொன்னதெல்லாம் புரிந்தது, குரல் மட்டும் கரகரத்திருந்தது. அத்துடன் ஓயாத விக்கல். “யாரோ நெனைக்கறாங்க” என்றார் மனைவி. மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்பவர். ஆகவே அந்த விளக்கம் பொருத்தமாகவே இருந்தது. விக்கல் நிற்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கொடுத்த தண்ணீர் இறங்காமல் மூக்கின் வழியே வெளியே வந்தபோதுதான் வீட்டார் அஞ்சினர். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு வண்டி புறப்பட்டது.

மூளைத்தண்டின் கடைப்பகுதியாகிய முகுளத்தின் பக்கவாட்டில் குருதியோட்டம் தடைபட்டால் நேர்வது இது. 1895இல் இதனை விரிவாக விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வாலன்பெர்க்கின் பெயரால் இன்றும் வழங்குகிறது. பக்கவாதம் என்றதும் நம் மனத்தில் எழும் படத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. அறிவு தெளிந்திருக்கும். தள்ளாடினாலும் நடக்க முடியும், எழுத முடியும். விழுங்குவதை ஒருங்கிணைக்கும் நரம்புக் கணுக்கள் மட்டும் அடிபட்டுப் போயிருக்கும். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மீண்டுவிடுகிறது. சிலருக்கு மீள்வதில்லை. இவர் அந்தச் சிலருள் ஒருவர்.

கரகரத்த குரலை ஊரார் துயரமாக எண்ணவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். “எம்.ஜி.ஆர். கொரல் மாதிரி ஆயிப் போச்சே!” என்று கடைக்கு வருவோர் சிரித்தனர். 1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்து, குரல் மாறி, அந்த மாறிய குரலோடே பத்தாண்டு திரையிலும் அதன்பின் ஆட்சியிலும் இருந்த ஒருவரின் தாய்வழிப் பூர்வீக வீடு, அதே சித்தூர் வட்டத்தில், வடவன்னூரில் இருக்கிறது. பழுதான குரலையும் குரலாகவே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதன்று. குரலே இல்லாமற் போவது வேறு.

தமிழில் மிடறு என்ற சொல்லுக்கு இருபொருள் உண்டு. கழுத்தின் உட்பகுதி ஒன்று. ஒருமுறை விழுங்கும் அளவு மற்றொன்று: ஒரு மிடறு தண்ணீர். தொல்காப்பியத்தின் பிறப்பியல், ஒலி பிறக்கும் இடங்களாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டினை எண்ணுகிறது. நன்னூலோ உயிரெழுத்துகளுக்கும் இடையினத்துக்கும் மிடற்றையே இடமாக வகுக்கிறது. ஒலியியல் வகுப்பில் இவற்றைப் படிக்கும் மாணவர்கள், மிடறு என்பது நீர் குடிக்கும் அளவும் ஆகும் என்பதை அந்த நேரத்தில் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் பாடத்திட்டத்தில் இல்லை. ‘பேச்சுறுப்புகள்’ என்று தலைப்பிட்டு, பக்கவாட்டில் வெட்டிய தலையின் படத்தை வரைந்து, நாக்கு முதல் குரல்நாண் வரை பெயர் குறித்தால் மதிப்பெண் கிடைக்கும். பேச்சுக்கென்றே அமைந்த உறுப்பு எதுவுமில்லை, வேறு பணிக்கு அமைந்தவற்றைப் பேச்சு பயன்படுத்திக்கொள்கிறது என்று எட்வர்ட் சபீர் 1921லேயே எழுதிவிட்டார். அந்த வரியைத் தேர்வுக்காக மனனம் செய்தோர் பலர். அதன் கனம் தெரிய வேண்டுமானால், விழுங்க முடியாத ஒருவருக்கு எதிரே ஒருவேளை உணவு நேரம் அமர்ந்திருக்க வேண்டும்.

விழுங்கும்போது நடப்பதை மெதுவாகச் சொன்னால் இவ்வாறு இருக்கும். நாக்கு உணவைப் பின்னே தள்ளுகிறது. மென்அண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்நாண்கள் இறுக மூடுகின்றன. குரல்வளை முழுவதும் மேலும் முன்னுமாக எழும்ப, அதன் மூடி பின்னே சாய்கிறது. அந்த எழுச்சி இழுத்த இழுப்பில், உணவுக்குழலின் வாயைச் சுருக்கிப் பிடித்திருக்கும் வளையத் தசை தளர்ந்து திறக்கிறது. உணவு இறங்குகிறது. எல்லாம் பழையபடி திறந்து மூச்சு தொடர்கிறது. தொண்டையளவில் இதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடி. உறக்கத்திலும் இது நிகழ்கிறது. ஏனெனில் உமிழ்நீர் உறங்குவதில்லை.

உண்ணும் பொருளின் ஒவ்வொரு துகளும் மூச்சுக்குழலின் வாயைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கும் இந்த விந்தையான அமைப்பை டார்வின் 1859ஆம் ஆண்டு நூலிலேயே குறிப்பிட்டார். மனிதரின் குரல்வளை கழுத்தில் தாழ்ந்து அமைந்ததே பலவகை உயிரொலிகளுக்குக் காரணம், புரையேறும் ஆபத்து அதற்குக் கொடுத்த விலை என்று 1970களில் பிலிப் லீபர்மன் முன்வைத்த கருத்து பாடநூல்களில் நிலைபெற்றது. பின்னர் 2001இல் செம்மானின் குரல்வளையும் தாழ்ந்திருப்பதை ஃபிட்ச்சும் ரெபியும் காட்டினர். 2016இல் குரங்கின் தொண்டையும் பேச்சுக்குப் போதுமானதே, இல்லாதது அதனை இயக்கும் மூளையே என்ற ஆய்வு வந்தது. விலை கொடுத்துப் பேச்சை வாங்கினோம் என்ற கதை அத்தனை எளிதன்று. ஆனால் சந்தி ஒன்றே, வழிகள் இரண்டு என்பதில் ஐயமில்லை.

வழிமாறிப் போவதற்குத் தமிழில் ‘புரையேறுதல்’ என்கிறோம். தலைக்கேறிவிட்டது என்றும் சொல்லி உச்சியில் தட்டுகிறோம். சொல் மேல்நோக்கிக் கைகாட்டுகிறது. ஆபத்தோ கீழே, நுரையீரலுக்குப் போகிறது. புரையேறினால் இருமல் வரும், இருமினால் காப்பு. உணர்வு நரம்பும் மரத்துப்போனவர்களுக்கு இருமலும் வராது. கஞ்சியோ எச்சிலோ ஓசையின்றி நுரையீரலுக்குள் வழிந்துகொண்டிருக்கும். வெளியே முகம் அமைதியாக இருக்கும். இந்த ஓசையற்ற புரையேற்றத்துக்கு நம் மொழியில் தனிச்சொல் இல்லை. காய்ச்சலும் மூச்சிரைப்புமாக நிமோனியா வந்த பிறகே வீட்டாருக்கு அது தெரியவரும்.

பெரியவருக்குத் தெரிந்த பானங்களுள் மிக ஆபத்தானது சாயாவாக ஆயிற்று. நீர்த்த திரவம் வேகமாக ஓடும், தொண்டை மூடிக்கொள்ளுமுன் உள்ளே விழுந்துவிடும். முதலில் மூக்கின் வழியே குழாய். பிறகு வயிற்றில் துளையிட்டு நேரே இரைப்பைக்குக் குழாய். அமெரிக்காவில் காடரரும் பான்ஸ்கியும் 1979இல் தொடங்கிய இம்முறை இன்று எங்கும் நடக்கிறது. மகள் மூன்று மணிக்கொருமுறை கஞ்சியை வடிகட்டி, ஊசிக்குழலில் ஏற்றி, மெல்ல இறக்குவார். ஊராட்சியின் பாலியேட்டிவ் செவிலியர் வீட்டுக்கு வந்து குழாயைப் பார்த்துப் போவார். கேரளத்தில் இந்த ஏற்பாடு ஒழுங்காக இருப்பதை வளையாறுக்கு இக்கரையில் இருப்போர் பொறாமையோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தும் பதினொரு மாதத்தில் மூன்றுமுறை நிமோனியா வந்தது. வாய்வழி ஒன்றும் கொடுக்காதபோது எப்படி வந்தது என்று வீட்டார் கேட்டனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குச் சுரக்கும் உமிழ்நீர் எங்கே போகும்? வயிற்றுக் குழாயால் பசியைத் தடுக்கலாம்; எச்சிலைத் தடுக்க முடியாது.

இந்த இடத்தில்தான் அறுவை வருகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் இதனை இருவகையாகப் பிரிப்பர். விழுங்குதலைச் சீராக்கும் அறுவை ஒன்று. உள்ளே இறங்குவதை முற்றிலும் தடுக்கும் அறுவை மற்றொன்று. முதல்வகையில் குரல் தங்கும். இறுகிக் கிடக்கும் வளையத் தசையை வெட்டித் தளர்த்துவது அவ்வகை. போலியோவால் விழுங்க முடியாமற் போனவர்களுக்காகக் கப்லான் 1951இல் செய்தது. செயலற்ற குரல்நாணை நடுவே தள்ளி வைப்பதும், குரல்வளையை மேலே தூக்கித் தாடையோடு கட்டுவதும் அவ்வகையே. பெரியவருக்குத் தசையை வெட்டினார்கள். வழி திறந்தது, ஆனால் குரல்வளை எழும்பவில்லை, ஒருபக்க நாண் மூடவில்லை. கதவு திறந்த வீட்டில் பக்கத்துக் கிணறும் திறந்தே கிடந்தது.

இரண்டாம் வகைக்குப் பெயர் பெற்றது, 1975இல் ராஜர் லிண்டமன் வெளியிட்ட முறை. மூச்சுக்குழலைக் கழுத்தில் குறுக்கே வெட்டுகிறார்கள். கீழ்ப்பாதியின் வாயைக் கழுத்துத் தோலில் துளையாகத் தைக்கிறார்கள். இனி மூச்சு அந்தத் துளை வழியே. மேற்பாதியை உணவுக்குழலோடு இணைக்கிறார்கள், அல்லது மூடித் தைத்துவிடுகிறார்கள். வாயிலிருந்து நுரையீரலுக்கு வழியே இல்லை. என்ன விழுங்கினாலும் உள்ளே போகாது. குரல்வளை உள்ளேயே இருக்கும், ஆனால் அதன் ஊடே காற்று வராது. முணுமுணுக்கவும் முடியாது, ஏனெனில் முணுமுணுப்புக்கும் நெஞ்சின் காற்றே வேண்டும். பின்னாளில் விழுங்கும் திறன் மீண்டால் திரும்ப இணைக்கலாம் என்பதே லிண்டமனின் எண்ணம். அப்படித் திரும்ப இணைக்கப்பட்டவர் மிகச் சிலர்.

1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் பில்ரோத் குரல்வளையை முழுதாக அகற்றியது புற்றுநோய்க்காக. அங்கே எடுக்கப்படுவது நோயுற்ற உறுப்பு. உயிரா குரலா என்ற கேள்விக்கு விடை ஏறக்குறைய முன்பே எழுதப்பட்டிருக்கும். இங்கே நிலை வேறு. கரகரத்தாலும் பேசிக்கொண்டிருக்கும் குரல்வளை. அதனைக் கொடுத்து, சோற்றையும் நோயில்லாத நுரையீரலையும் வாங்க வேண்டும். வாங்கிவிடலாம் என்ற உறுதியும் முழுமையாகக் கிடையாது. நிமோனியா நிற்கும், ஆனால் எல்லோரும் வாய்வழி உண்ணும் நிலைக்குத் திரும்புவதில்லை.

மகன் கூடாது என்றார். வளைகுடாவிலிருந்து வாரம் இருமுறை கைப்பேசியில் கேட்கும் குரலே அவருக்குத் தந்தை. அதை வெட்டிவிட்டால் திரையில் அசையும் ஓர் உருவம்தான் மிஞ்சும். மகளுக்கோ தந்தை என்பது இரவெல்லாம் கேட்கும் இருமல், தலையணையருகே எச்சில் கிண்ணம், மீண்டும் மருத்துவமனை. தொலைவில் இருப்பவருக்குக் குரல் பெரிது, அருகில் இருப்பவருக்கு மூச்சு பெரிது. இருவருமே அன்பால் பேசினர். இரண்டு சந்திப்புகள் இந்த வழக்கிலேயே கழிந்தன. பெரியவர் அறையில்தான் இருந்தார்; பேசவும் முடிந்தவர். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் சந்திப்பில் பேச்சுச் சிகிச்சையாளர் கேட்டார். பேச்சுக்கும் விழுங்கலுக்கும் ஒரே ஆள் சிகிச்சை தருகிறார் என்பது மொழியியல் படித்துவிட்டு அத்துறைக்குப் போகிறவர்களைத் திகைக்க வைக்கும் செய்தி. பேச்சைத் திருத்தப் போனவர் நாளெல்லாம் தேக்கரண்டியோடு நிற்க நேர்கிறது. “உங்களுக்கு என்ன வேணுங்கய்யா?” என்ற கேள்விக்குப் பெரியவர் மகளைப் பார்த்துச் சொன்னார்: “ஒரு சாயா குடிக்கோணும் அம்மிணி. அவ்வளவுதான்.”

படித்தவர்கள் இந்த விடையைக் கேட்டுச் சற்றுத் தயங்குவர். பேச்சே மனிதனை மனிதனாக்குவது என்று பாடம் நடத்துவோருக்குச் சாயா சிறிதாகத் தெரியும். ஆனால் பேச்சையும் உணவையும் முற்றாக எதிரெதிரே நிறுத்துவதே பிழை. அமெரிக்கத் திரைப்பட விமர்சகர் ராஜர் ஈபர்ட், 2006இல் புற்றுநோய் அறுவைகளுக்குப்பின் உண்ணவும் குடிக்கவும் பேசவும் இயலாதவரானார். உணவு இல்லாததைத் தாங்கிக்கொள்ள முடிகிறது, உணவு மேசையைச் சுற்றி நடக்கும் கேலியும் வம்பும் வாதமும்தான் இல்லாமல் வருத்துகிறது என்ற பொருளில் 2010இல் எழுதினார். ஈபர்ட் இழந்ததாகச் சொன்னதும் நல்லேப்பிள்ளிப் பெரியவர் கேட்டதும் ஒன்றுதானோ என்று தோன்றுகிறது. சாயக்கடைக்காரர் சாயா கேட்டது நாவுக்காக மட்டும் இராது. கடையில் நாலுபேர் குடிக்கும்போது தானும் ஒரு கிளாசோடு நிற்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். “சாப்ட்டாச்சுங்களா?” என்பதே வணக்கமாக உள்ள மொழியில், பதினொரு மாதமாக அந்த வணக்கத்தை அவரிடம் சொல்ல எல்லோரும் கூசினர்.

ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தது. பெரியவர் மலையாளத்தில் கையொப்பமிட்டார். அந்தக் கையொப்பம் என்ன சொல்கிறது என்பதை அங்கிருந்தவர்கள் எவரும் அன்று கவனிக்கவில்லை.

அவர் வீட்டு மொழி தமிழ். கொங்குத் தமிழில் மலையாளம் கலந்த அந்த எல்லைப்பகுதித் தமிழ். படித்தது ஊர்ப் பள்ளியில், மலையாளத்தில். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. மனைவி பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார், மலையாள எழுத்து வராது. நாற்பதாண்டு இல்லறத்தில் அவர்களிடையே ஒரு வரிகூட எழுதப்பட வேண்டியிருந்ததில்லை. “பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டுவார்” என்று மருத்துவர்கள் இயல்பாகச் சொன்ன ஆறுதல், படிப்பும் பேச்சும் ஒரே மொழியில் உள்ளவர்களை எண்ணிச் சொன்னது. இவருடைய தமிழுக்கு இருந்த ஒரே இடம் மிடறு. அறுவைக்குப்பின் அவர் கையில் எஞ்சியது மலையாளம். ஒரு குரலோடு ஒரு மொழியும் வீட்டுக்குள் ஊமையாகும் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. இருமொழி எல்லைகளில் வாழ்வோரிடம் அது கேட்கப்பட வேண்டும். கேட்டிருந்தால் அவர் விடை மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை, முன்னேற்பாடு செய்திருக்கலாம். சில சொற்களையேனும் தமிழில் எழுதப் பழக்கியிருக்கலாம், குரலைப் பதிந்து வைத்திருக்கலாம். பதிவாக எஞ்சியது மகனுடைய கைப்பேசியில் தற்செயலாக அழிக்கப்படாமல் கிடந்த குரல்செய்திகள் மட்டுமே. அவற்றுள் பெரும்பாலானவை பணம் வந்து சேர்ந்ததைச் சொல்பவை.

அறுவை நடந்தது. நிமோனியா அதன்பின் வரவில்லை. புதிய உடலுக்குப் புதிய விதிகள். மூச்சு மூக்கின் வழியே போகாததால் மணம் தெரியாது; அதனால் சுவையும் பாதியாகும். குளத்தில் இறங்கிக் குளிக்கக் கூடாது. பாலக்காட்டுக்காரருக்கு அது சிறிய தடையன்று. தும்மலும் இருமலும் கழுத்திலிருந்து வரும். மயங்கி விழுந்தால் பிராணவாயுவை முகத்தில் வைத்துப் பயனில்லை, கழுத்துத் துளையில் வைக்க வேண்டும். இதனை வீட்டாரும் அண்டை வீட்டாரும் அறிந்திருத்தல் நல்லது. சூடான பானத்தை ஊதிக் குடிக்கவும் இயலாது, வாயில் காற்று இல்லை. முப்பதாண்டு ஊருக்கெல்லாம் சாயாவை உயர்த்தி ஆற்றிக் கொடுத்தவருக்கு இப்போது மகள் ஆற்றிக் கொடுக்கிறார்.

வாயில் அடைபட்ட சிறு காற்றைக் கொண்டு ப், த், க் போன்ற வெடிப்பொலிகளை மட்டும் மெல்லத் தெறிக்கச் செய்யலாம். வல்லினத்தை நெஞ்சிலிருந்து பிறப்பதாக நன்னூல் வகுத்தது; நெஞ்சின் தொடர்பு அற்றபின் அவருக்கு மிஞ்சியது அந்த வல்லினமே. மற்றவற்றை உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ல, ள, ழ மூன்றும் உதட்டில் தெரிவதில்லை. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றே.

முதல் சாயா ஆறு வாரத்துக்குப் பிறகு. அரைக் கிளாஸ். ஒரு மிடறு விழுங்கி, இருமல் வருமா என்று எல்லோரும் காத்திருந்தனர், வரவில்லை. இன்னொரு மிடறு. பிறகு கிளாசைப் பார்த்து உதட்டை அசைத்தார். மனைவி அதைப் ‘பணமே இல்லை’ என்று படித்துக்கொண்டு, “பையன் அனுப்பறானுங்க, அதெல்லாம் நெனைக்காமக் குடிங்க” என்றார். பெரியவர் சிரித்தார். கழுத்துத் துணி படபடத்தது. தாளை வாங்கி மலையாள எழுத்தில் தமிழைக் கிறுக்கி, நான்காம் வகுப்பு படிக்கும் பேத்தியிடம் நீட்டினார்.

பேத்தி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்: “பணம் இல்ல. மணம். சாயாவுல மணமே இல்ல. தூள மாத்தச் சொல்லு.”